உடைந்த ஏரிக்கரையைக் கட்டுவதும் மீனைத் தங்கவைப்பதும்

2020 அக்டோபர் 13 அன்று ஹைதராபாத் பேகம்பேட்டையில் ஒரே நாளில் சுமார் 19 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நகரின் தெற்கே பல்லெ செருவின் (செருவு என்றால் ஏரி) கரை உடைந்து குடியிருப்புகளுக்குள் வெள்ளம் புகுந்தது. ககன்பஹாடில் அப்பா செருவு உடைந்து பெங்களூரு நெடுஞ்சாலையை அறுத்துக்கொண்டு போனது. நான்கு நாள் கழித்து, 17-ஆம் தேதி இரவு மறுபடியும் அடித்த மழையில் பாலாப்பூர் குர்ரம் செருவின் கரை விட்டுக்கொடுத்தது. ஹாஃபிஸ் பாபா நகர் மூழ்கியது.

இந்த ஊருக்கு இது புதிதல்ல. 1908 செப்டம்பர் 28 அன்று மூசி ஆற்றில் வந்த வெள்ளம் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. காரணம் கண்டறிய அழைக்கப்பட்ட பொறியாளர் விசுவேசுவரய்யா, ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் இருந்த 788 ஏரிகளில் 221 உடைந்திருந்ததைக் கணக்கில் எடுத்தார். மேல் ஏரி உடைந்த தண்ணீர் கீழ் ஏரியை உடைத்தது. எல்லாம் சேர்ந்து ஆற்றில் இறங்கின. அதன் பிறகுதான் 1920-இல் உஸ்மான் சாகரும் 1927-இல் ஹிமாயத் சாகரும் வந்தன.

கரை உடைந்தால் எல்லோர் கண்ணும் உடைப்பின் மேல்தான். கண்ட்ராக்டர் வருவார், மண் கொட்டுவார், கல் பதிப்பார், போவார். கரை நிற்கும். ஆனால் மறுவருடம் மீனவர் சங்கத்துக்காரர் வலை வீசினால் இழுப்பதற்கு ஒன்றுமிருக்காது. தெலங்கானாவின் மாநில மீன் விரால். அந்த விரால் முட்டையிட ஓரம் இல்லாத ஏரிகளைத்தான் பெரும்பாலும் நாம் சீரமைப்பு என்ற பெயரில் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

இந்த அத்தியாயம் சொல்ல வருவது ஒன்றுதான்: கரைக்கும் மீனுக்கும் தனித்தனிச் செலவு தேவையில்லை. மண்ணை எங்கே வெட்டுவது, கல்லை எப்படி அடுக்குவது, மதகின் அடிமட்டத்தை எங்கே வைப்பது, உபரிநீர் வழியும் கலங்கலுக்குக் கீழே தண்ணீரை எப்படி இறக்குவது ஆகிய நான்கு முடிவுகளையும் வேலை தொடங்குமுன் எடுத்துவிட்டால், பெரும்பாலும் ஒரே பணத்தில் இரண்டும் நடக்கும். ஹைதராபாத் ஏரிகளை வைத்துச் சொன்னாலும், தமிழ்நாட்டுக் கண்மாய்க்கும் ஏரிக்கும் முறை இதேதான்.

1. உடைப்பின் காரணத்தைக் கண்டுபிடியுங்கள்

உடைந்த இடத்தை மூடிவிட்டால் காரணமும் மண்ணுக்குள் போய்விடும். ஆகவே பொக்லைன் வருவதற்குள் படம் எடுங்கள், அளவு எடுங்கள். காரணங்கள் பெரும்பாலும் நான்குதான்.

அ) கரை மேலேறி வழிந்தது. உடைப்பின் இருபுறமும் வெளிச்சரிவில் புல் ஒரே திசையில் படுத்திருக்கும். வெளிப்புறக் கரையடியில் பள்ளம் பறித்திருக்கும். கரையில் குற்றமில்லை, கலங்கல் போதவில்லை அல்லது அடைபட்டிருந்தது என்று பொருள்.

ஆ) மதகுக் குழாயை ஒட்டி அரித்தது. உடைப்பு மதகின் மேலேயே இருந்தால் முதல் சந்தேகம் இதுதான். குழாய்க்கும் மண்ணுக்கும் இடையே தண்ணீர் வழி கண்டுபிடித்து, மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோயிருக்கும்.

இ) எலி வளை, நண்டு வளை, பட்டுப்போன மரத்தின் வேர் விட்ட பொந்து வழியாகக் கசிந்தது.

ஈ) நிறைந்திருந்த ஏரி சட்டென்று வடிந்ததால், ஊறிய உள்சரிவு சரிந்தது.

முதல் காரணத்துக்குக் கரையை உயர்த்துவது மருந்தல்ல. கலங்கலையும் வரத்து, போக்குக் கால்வாய்களையும் சரிசெய்ய வேண்டும். அப்பா செருவின் பரப்பில் எழும்பியிருந்த கட்டடங்களை 2024 ஆகஸ்ட் இறுதியில் ஹைதராபாத்தின் பேரிடர் மீட்பு, சொத்துப் பாதுகாப்பு அமைப்பான ஹைட்ரா இடித்தது. ஏரி சுருங்கினால் அதே மழைக்கு மட்டம் சீக்கிரம் ஏறும். எவ்வளவு நல்ல கரையும் அதற்கு ஈடுகொடுக்காது.

2. முதல் வாரம்: வளைகரையும் மீன் மீட்பும்

உடைந்த வாயின் இரு முனைகளும் கரைந்து அகலமாகிக்கொண்டே போகும். முதலில் அந்த முனைகளை மணல் மூட்டைகளாலும் சவுக்குக் கட்டைகளாலும் காப்பாற்றுங்கள். பிறகு உடைப்பின் உள்பக்கம், ஏரிக்குள், பிறை வடிவில் ஒரு வளைகரை போடுங்கள். இரண்டு வரிசை சவுக்குக் கட்டை அடித்து, நடுவில் மூட்டைகளை அடுக்கி, உள்முகத்தில் களிமண் பூசினால் போதும். இது தற்காலிகம். அவசரத்தில் இடிந்த கட்டடக் கழிவை உடைப்பில் கொட்டாதீர்கள். கல்லுக்கும் செங்கல்லுக்கும் இடையே இருக்கும் சந்து நாளைய கசிவு. பின்னால் அதைத் தோண்டி எடுப்பதற்கே ஒரு தனிச் செலவு ஆகும்.

இதே நாட்களில் மீனவர் சங்கத்தைக் கூப்பிடுங்கள். வடிந்த ஏரியின் குட்டைகளில் மீன் ஒதுங்கியிருக்கும். கட்லா, ரோகு போன்ற கெண்டை இனங்கள் ஆக்சிஜன் குறைந்தால் உடனே செத்துவிடும். அவற்றை விடியற்காலையில், வெயில் ஏறுமுன், பெரிய கேன்களில் ஏரித் தண்ணீரோடு மேல் ஏரிக்கு மாற்ற வேண்டும். விரால், தேளி, பனையேறி போன்றவை காற்றை நேராகச் சுவாசிப்பவை. ஈரச் சாக்கில்கூட சில மணி நேரம் தாங்கும். ஆகவே கெண்டை இனங்கள் முதலில், விரால் கடைசியில். பெரிய தாய் மீன்களை விற்காமல் விடுவதென்று சங்கத்தில் பேசி முடிவு செய்யுங்கள். மறுவருட இனப்பெருக்கம் அவற்றிடம்தான் இருக்கிறது.

3. மண் வெட்டும் குழியே மடு

உடைப்பை அடைக்க நூற்றுக்கணக்கான லாரி மண் தேவைப்படும். அது பெரும்பாலும் ஏரிக்குள்ளிருந்துதான் வரும். அந்தக் குழியை எங்கே, எந்த வடிவில் வெட்டுகிறோம் என்பதுதான் மீனுக்கு மிகப் பெரிய முடிவு.

ஹைதராபாத்தில் ஏப்ரல், மே வெயிலில் ஏரியிலிருந்து நாளொன்றுக்கு ஒரு சென்டிமீட்டர் வரை தண்ணீர் ஆவியாகும். தட்டையான ஏரி மே மாதத்தில் சேறாகிவிடும். ஓரிடத்தில் மட்டும் கோடைக் கடைசியிலும் ஆளுயரத் தண்ணீர் நின்றால், அந்த மடு அடுத்த மழைக்கான விதை மீன்களைக் காப்பாற்றும். விதிகள் இவை:

• குழி கரையை ஒட்டி வேண்டாம். கரை உயரத்தைப்போல் குறைந்தது ஐந்து மடங்கு தூரம் தள்ளி இருக்கட்டும். இறுதித் தூரத்தைப் பொறியாளர் முடிவு செய்யட்டும். கரையடியில் வெட்டினால் கரையே அதில் சரியும்.

• சிதறலாகப் பத்துக் குழி வேண்டாம். ஒன்றிரண்டு பெரிய மடு போதும். ஏரிப் பரப்பில் இருபதில் ஒரு பங்கு நல்ல அளவு.

• வெட்டுமுன் சோதனைக் குழி போடுங்கள். அடியில் களிமண் அடுக்கைத் தாண்டி மணலையோ உளுத்த பாறையையோ தொட்டுவிட்டால் தண்ணீர் கீழே இறங்கிவிடும். களிமண் குறைந்தது அரை மீட்டராவது எஞ்ச வேண்டும்.

• பக்கங்கள் செங்குத்தாக இருக்கக் கூடாது. ஒரு மீட்டர் இறங்க மூன்று மீட்டர் நீளம் என்ற சரிவு வேண்டும். ஏரியில் கண்டபடி வெட்டிய குழிகளில் குழந்தைகள் மூழ்குவதை ஒவ்வொரு வருடமும் செய்தித்தாளில் பார்க்கிறோம். படித்துறைக்கும் மாடு குளிக்கும் இடத்துக்கும் தள்ளி மடுவை வையுங்கள். எச்சரிக்கைப் பலகையும் வையுங்கள்.

• மேலே படிந்த வண்டல் கரைக்கு ஆகாது. காய்ந்தால் வெடிக்கும், நனைந்தால் கரையும். அதை முதலில் சுரண்டி வயலுக்கு அனுப்புங்கள். 2015-இல் தொடங்கிய மிஷன் காகதீயா திட்டத்தில் ஏரி வண்டலை விவசாயிகள் டிராக்டரில் அள்ளிப்போனது இதற்காகத்தான். வண்டலுக்குக் கீழே இருக்கும் கெட்டி மண்தான் கரைக்கு.

• மடுவுக்குள் கிளைக்கட்டுகளைக் கல் கட்டி இறக்குங்கள். குஞ்சுக்கு நிழல், பாசி பிடிக்க இடம், திருட்டு வலைக்குத் தடை.

தெலங்கானா அரசு 2016-17 முதல் இலவசமாக வழங்கிவரும் மீன்குஞ்சுகளில், வற்றும் ஏரிக்கு 35-40 மில்லிமீட்டர் குஞ்சும், வற்றாத ஏரிக்கு 80-100 மில்லிமீட்டர் குஞ்சும் என்று பிரித்துத் தருகிறார்கள். பெரிய குஞ்சு அதிகம் பிழைக்கும். மடு இருக்கும் ஏரி மெல்ல இரண்டாம் வகைக்கு நகரும். சங்கத்துக்கு அதுவே வருமானம்.

4. அடைக்கும் முறை

இங்கே மீனுக்காக எந்தச் சலுகையும் இல்லை. கரை நின்றால்தான் மீன்.

உடைப்பின் இரு முனைகளிலும் தளர்ந்த மண் முழுவதையும், கெட்டி மண் வரும்வரை வெட்டி எடுங்கள். செங்குத்துச் சுவராக விடாமல் படிபடியாக வெட்ட வேண்டும். பழைய மண்ணும் புது மண்ணும் கோத்துக்கொள்வது அந்தப் படிகளில்தான். அடியில், கரையின் நீளவாக்கில், நீர் புகாத அடுக்கைத் தொடும்வரை பள்ளம் பறித்துக் களிமண்ணால் நிரப்புங்கள்.

பிறகு அடுக்கு அடுக்காக மண். இறுகிய பின் ஓர் அடுக்கு 15 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. ஒவ்வொரு அடுக்குக்கும் ரோலர் ஓட வேண்டும். டிப்பர் லாரி மேலே போய்வருவது ரோலருக்குச் சமமாகாது. ஈரப்பதம் சரியா என்று பார்க்க ஒரு பிடி மண்ணை உள்ளங்கையில் அழுத்திப் பாருங்கள். உருண்டை பிடித்து, உடைத்தால் இரண்டு மூன்று துண்டாக விட வேண்டும். பொலபொலவென்று உதிர்ந்தால் தண்ணீர் போதாது. கையில் ஒட்டினால் அதிகம். இது களத்துச் சோதனை மட்டுமே. ஆய்வகத்தில் அடர்த்திச் சோதனை செய்து 95 சதவீத இறுக்கம் வந்ததா என்று சான்று கேளுங்கள்.

உள்பக்கமும் நடுவிலும் களி கலந்த மண். வெளிப்பக்கம் ஹைதராபாத்தில் தாராளமாகக் கிடைக்கும் செம்மண் சரளை. வெளிக் கரையடியில் மணல், ஜல்லி, கல் என்ற வரிசையில் வடிகட்டி அடுக்கு. கரையில் ஊறும் தண்ணீர் மண்ணை விட்டுவிட்டுத் தனியாக வெளியேற அதுதான் வழி. மதகுக் குழாயைச் சுற்றி ரோலர் போகாது. அங்கே களிமண்ணை மெல்லிய அடுக்காகப் போட்டுத் திமிசு கட்டையால் இடிக்க ஆள் வையுங்கள். புதுக் கரை அமுங்கும். அதற்காகக் கொஞ்சம் கூடுதல் உயரம் விடுங்கள்.

5. அலைகல்லா, கான்கிரீட்டா?

அலை அடிக்கும் உள்சரிவுக்குக் காப்பு வேண்டும். சரளைப் படுக்கையின் மேல் சிமெண்ட் பூசாமல் அடுக்கிய அலைகல் போதுமானது. கரை அமுங்கினால் கல்லும் கூடவே அமுங்கும். ஒரு கல் நகர்ந்தால் அந்தக் கல்லை மட்டும் மாற்றலாம். கல் இடுக்கில் இறால் தங்கும், உளுவை தங்கும், குஞ்சு ஒளியும். வழவழப்பான கான்கிரீட் சரிவில் இவை எதற்கும் வேலையில்லை. அதன் பின்னால் மண் அரித்துப்போனாலும் விரிசல் விடும்வரை வெளியே தெரியாது.

நகர ஏரிகளில் வேறொரு வழக்கமும் இருக்கிறது: நடைபாதைக்காக ஏரியைச் சுற்றிலும் கரை போடுவது. கரை தேவைப்படுவது தண்ணீரைத் தாங்கும் தாழ்ந்த பக்கத்தில்தான். தண்ணீர் வரும் மேட்டுப் பக்கம் திறந்து, ஆழமில்லாமல், கோரையும் நாணலுமாக இருக்க வேண்டும். விரால் முழங்கால் ஆழத்தில் செடிகளை விலக்கி வட்டமாக இடம் செய்து முட்டையிடும். குஞ்சுகள் சிதறாமல் தாயும் தந்தையும் காவல் காக்கும். அந்த ஓரத்தில் கரை எழுப்பினால் விராலின் பிரசவ அறையை மூடியதாகும். வரத்துத் தண்ணீரும் தடைபட்டு வீதிக்குப் போகும். நடைபாதை வேண்டுமென்றால் தாழ்ந்த பக்கக் கரையின் மேலேயே போடுங்கள். 10 ஹெக்டேருக்கு மேற்பட்ட ஏரிகளுக்கு முழு நீர்மட்ட எல்லையிலிருந்து 30 மீட்டர் வரை கட்டடம் கூடாது என்ற தெலங்கானா விதி இந்த ஓரத்துக்கும் காவல்.

நெதர்லாந்து 2006-க்குப் பிறகு ஆற்றங்கரைகளை உயர்த்திக்கொண்டே போவதை நிறுத்தி, பல இடங்களில் கரையைப் பின்னுக்குத் தள்ளி ஆற்றுக்கு இடம் விட்டது. வெள்ள மட்டம் இறங்கியது, ஈரநிலமும் திரும்பியது. ஏரிக்கு அந்த இடம் மேட்டுப் பக்க ஓரம்தான்.

6. மதகும் கலங்கலும்

புது மதகு வைக்கும்போது அதன் அடிமட்டத்தை மடுவின் தரைக்கு வெகு மேலே வையுங்கள். மதகைக் கடைசிவரை திறந்தாலும் மடுவில் தண்ணீர் நிற்கும். பாசனக்காரர் இதற்கு ஒப்புக்கொள்ள வேண்டும். எத்தனை அடி என்பதை ஊர்க் கூட்டத்தில் பேசி மதகுச் சுவரில் கோடு போட்டுவிடுங்கள். தண்ணீர் திறக்கும் நீரட்டிக்கு, நம் ஊர் என்றால் நீர்க்கட்டிக்கு, அந்தக் கோடுதான் சட்டம்.

கலங்கலில் இரண்டு வேலை. முதலாவது, வலை. குஞ்சு விட்ட சங்கம், அது வழிந்து போகாமலிருக்கக் கலங்கலில் வலையோ மூங்கில் தட்டியோ கட்டும். ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக்கும் அதில் வந்து அடைத்தால் ஏரி மட்டம் ஏறிக் கரைமேல் வழியும். மீனைக் காப்பாற்றப்போய் கரை உடைவது இப்படித்தான். மீனவரைத் திட்டிப் பயனில்லை. அவருடைய முதல் அங்கே நீந்துகிறது. கலங்கலுக்கு முன்னால், ஏரிக்குள், கலங்கலைவிடப் பல மடங்கு நீளமான சாய்வுக் கம்பித் தட்டி வையுங்கள். ஒரு பகுதி அடைத்தாலும் மீதியில் தண்ணீர் போகும். கனமழை எச்சரிக்கை வந்தால் தட்டியைத் தூக்கும் பொறுப்பு யாருடையது என்பதைப் பெயரோடு எழுதி வையுங்கள்.

இரண்டாவது, ஏறும் வழி. புதுத் தண்ணீர் வந்ததும் கெண்டையும் கெளுத்தியும் விராலும் ஓட்டத்தை எதிர்த்து மேல் ஏரிக்கு ஏறப் பார்க்கும். கலங்கலுக்குக் கீழே ஆளுயரத்துக்குத் தண்ணீர் செங்குத்தாக விழுந்தால் அங்கேயே நின்றுவிடும், அங்கேயே பிடிபடும். அகலத்தில் ஒரு பகுதியிலாவது பெரிய கற்களைப் பதித்துக் கரடுமுரடான சாய்தளம் அமையுங்கள்: ஒரு மீட்டர் இறக்கத்துக்கு 20 மீட்டர் நீளம். இடம் இல்லையென்றால் 15-20 சென்டிமீட்டர் உயரப் படிகளும் நடுநடுவே சிறு தேக்கங்களும் போதும். விழும் தண்ணீரின் வேகத்தை இந்தக் கற்களே உடைப்பதால் கீழ்க் கால்வாய் அரிப்பும் குறையும். கலங்கலின் வெள்ளம் கடத்தும் திறன் இதனால் குறையவில்லை என்பதைப் பொறியாளர் கணக்குப் போட்டு உறுதி செய்ய வேண்டும்.

7. செடி, மரம், வேண்டாத மீன்

கரைமேல் அருகும் வெட்டிவேரும்; மரம் வேண்டாம். நீர்மருது, நாட்டுக் கருவேல், புங்கன் எல்லாம் கரையடியிலிருந்து தள்ளியோ மேட்டுப் பக்க ஓரத்திலோ வைக்கலாம். சீமைக் கருவேலைக் கரையில் வளரவிடாதீர்கள்.

கண்ணாடித் தொட்டி வளர்ப்புக்கு வந்து ஏரிகளில் பெருகிவிட்ட ‘டேங்க் கிளீனர்’ மீனைக் கவனியுங்கள். அது கரையில் ஆழமாக வளை தோண்டி முட்டையிடும்; மீனுக்கும் கேடு, கரைக்கும் கேடு. ஏரித் தண்ணீரில் உள்ள மரபணுத் தடயத்தை வைத்தே அது இருப்பதைக் கண்டுபிடிக்கும் முறையை ஹைதராபாத்தின் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தின் (சி.சி.எம்.பி.) விஞ்ஞானிகள் உருவாக்கியிருக்கிறார்கள். வலையில் வந்தால் திரும்ப விடக் கூடாது. தடைசெய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியும் அப்படியே.

சாக்கடை விழும் ஏரியில் இவை எதுவும் பலிக்காது. 2017-இல் படான்சேரு பக்கம் கண்டிகூடெம் ஏரியில் மீன் மொத்தமாகச் செத்து மிதந்தது. கரை வேலைக்கு முன்பே கழிவு வரும் நாலாவை (வடிகால் ஓடையை) திருப்புங்கள். விடியற்காலையில் எடுத்த தண்ணீரில் லிட்டருக்கு 4 மில்லிகிராமாவது ஆக்சிஜன் இல்லையென்றால் குஞ்சு விட அவசரப்படாதீர்கள்.

8. எப்போது என்ன?

அக்டோபர்-நவம்பர்: வளைகரை, மீன் மீட்பு, காரணம் கண்டறிதல்.
டிசம்பர்: சோதனைக் குழி, மண் பரிசோதனை, எஸ்டிமேட்; நீர்ப்பாசனத் துறை, மீன்வளத் துறை, மீனவர் சங்கம் மூவரும் ஒரே நாளில் கரையில் நின்று பேசுவது.
ஜனவரி-ஏப்ரல்: மடு வெட்டுதல், அடைத்தல், மதகு, கலங்கல்.
மே: அலைகல், புல்.
ஜூன்: மிருகசீரிஷக் கார்த்தி (சூரியன் மிருகசீரிட நட்சத்திரத்தில் நுழையும் நாட்கள்) பிறந்தால் ஹைதராபாத்தில் மீன் சந்தை களைகட்டும், அதற்குள் எல்லா வேலையும் முடிந்திருக்க வேண்டும்.
ஜூலை-ஆகஸ்ட்: பாதி மட்டம்வரை நிரப்பிச் சில நாள் நிறுத்திக் கசிவைப் பாருங்கள். தெளிந்த கசிவு சிறிதென்றால் கவனித்துக்கொண்டே இருங்கள். கசிவு கலங்கிய நிறத்தில் வந்தால் உடனே மட்டத்தை மெல்ல இறக்கிப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். கரை தாங்கிய பிறகே குஞ்சு.

9. எஸ்டிமேட்டில் இருக்க வேண்டிய வரிகள்

1. மண் எடுக்கும் இடம், ஆழம், சரிவு: வரைபடத்தோடு.
2. உள்சரிவுக்குச் சிமெண்ட் இல்லாத அலைகல், கீழே சரளைப் படுக்கை.
3. மதகின் அடிமட்டம், மடுவின் தரைமட்டம்: இரண்டும் எண்ணில்.
4. கலங்கலுக்குக் கீழே கற்சாய்தளம், மேலே சாய்வுக் கம்பித் தட்டி.
5. மேட்டுப் பக்கம் கரை கிடையாது என்ற தெளிவான குறிப்பு.
6. ஒவ்வொரு அடுக்குக்கும் இறுக்கச் சோதனைச் சான்று.

கண்ட்ராக்டர் எஸ்டிமேட்டில் உள்ளதைத்தான் கட்டுவார். அதில் இல்லாததைக் கேட்டால் கூடுதல் பணம் கேட்பார், அது நியாயமும்கூட. ஆகவே டெண்டர் விடுமுன் இந்த ஆறு வரிகளும் அதில் ஏறிவிட்டனவா என்று ஊர்க்காரர்களும் மீனவர் சங்கமும் கேட்டு வாங்கிப் படித்துப் பாருங்கள். பொக்லைன் ஏரிக்குள் இறங்கிய பிறகு கேட்பதில் பயனில்லை.